கொடி கடந்து ஐந்து கை

அந்தப் பொது நீச்சல்குளத்துக்கு வருகிறவர்களில் கூரையை முழுதாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். எந்தத் தகட்டில் மழைக்கறை எந்தப் பக்கமாக வழிந்திருக்கிறது, எந்த விளக்கு எரியும் முன் கண் சிமிட்டிவிட்டு எரியும், வழி தவறி உள்ளே வந்த குருவி எந்த உத்தரத்தில் உட்கார்ந்து யோசிக்கும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவளுக்குத் தெரிந்த நீச்சல் ஒன்றே ஒன்று. மல்லாக்கப் படுத்து, கைகளை மாற்றி மாற்றித் தலைக்குப் பின்னால் வீசிப் போவது. அதனால் அங்கே அவளுக்குப் பெயர் மல்லாக்கா. மல்லாக்க நீந்துகிற அக்கா.

பெயர் வைத்தவர் குளத்தின் காவலர். அவரும் தப்பவில்லை. கழுத்தில் தொங்கும் விசிலை ஊதுவதைவிடக் கடிப்பதே அதிகம் என்பதால் அவர் பெயர் விசில்.

மல்லாக்காவுக்குத் தொழில் தையல். "குனிந்த தலை நிமிராத பொண்ணு" என்று சொல்லித்தான் அவளைக் கட்டிக்கொண்டு போனார்கள். அது பாராட்டு என்று அவளும் நம்பினாள். பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த கணவர் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். அன்று மகளுக்கு நடக்கவே வரவில்லை. அதற்குப் பிறகு அவள் தலை உண்மையிலேயே நிமிரவில்லை. தையல் மெஷினின் ஊசிக்கும் அவள் மூக்குக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அந்த ஒரு சாணுக்குள்ளேயே மகளின் படிப்பு, மகளின் கல்யாணம், பேத்தியின் தொட்டில் எல்லாம் தைத்து முடிந்தன.

பிறகுதான் வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் சுண்டுவிரல். அப்புறம் பக்கத்து விரல். கடைசியில் ஊசியில் நூல் கோக்கும்போது ஊசி கையில் இருக்கிறதா, கீழே விழுந்துவிட்டதா என்றே தெரியாமல் போனது.

டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "கழுத்தெலும்பு நரம்பை அமுக்குதும்மா. வாழ்க்கை பூரா குனிஞ்சிட்டீங்க. இனிமே கொஞ்சம் நிமிருங்க. தண்ணியில மல்லாக்கப் படுத்து நீந்துங்க, மருந்தைவிட அதுதான் கேக்கும்" என்றார்.

தொட்டித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காதவள், ஐம்பதைத் தாண்டி, கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய நீச்சலுடையைத் தானே தைத்துப் போட்டுக்கொண்டு போய் நின்றாள். முதல் நாள் விசில் தன் இரண்டு உள்ளங்கைகளை அவள் தலைக்குக் கீழே வைத்து, "விடுங்கக்கா. கழுத்தை விடுங்க. தண்ணி பாத்துக்கும்" என்றார். அவள் விட்டாள். கணவர் போன நாளிலிருந்து இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று அன்று அந்தத் தண்ணீரில் அவிழ்ந்தது. காதுக்குள் தண்ணீர் புகுந்து உலகத்தின் சத்தம் நின்றது. கண்ணிலிருந்து வழிந்தது குளத்துத் தண்ணீரா, அவளுடைய தண்ணீரா என்று யாருக்கும் தெரியவில்லை. அதுதான் குளத்தின் பெரிய உபகாரம்.

இப்போது குளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விளையாட வருகிறவர்களுக்குக் குளம் எப்படி இருந்தாலும் சரி. நீளமாக நீந்துகிறவர்களுக்கு அப்படியில்லை. அவர்களுக்கு ஒரு கயிறு வேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மிதவைகள் கோத்த கயிறு. அதற்கு உள்ளே லேன். லேனுக்குள் போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம். பின்னால் வருகிறவர் வேகக்காரர் என்றால் முன்னால் போகிறவரின் பாதத்தை மெல்லத் தட்டுவார். தட்டுப்பட்டவர் மூலையில் ஒதுங்கி வழிவிடுவார். வாய்ப்பேச்சு கிடையாது. அப்படி அவள் பாதத்தைத் தட்டுகிறவர் ஒருவரே, ஓய்வு பெற்ற தபால்காரர். ஊர் முழுக்கக் கதவு தட்டியவர் இப்போது கால் தட்டுகிறார் என்று விசில் சொல்வார்.

மல்லாக்க நீந்துகிறவருக்கு இன்னொன்றும் வேண்டும். கொடி. சுவருக்குச் சற்று முன்னால், குளத்தின் குறுக்கே தலைக்கு மேலே ஒரு கயிற்றில் முக்கோணத் துணிகள் தொங்கும். மல்லாக்க வருகிறவருக்குச் சுவர் தெரியாது. கொடிதான் தெரியும். கொடி கடந்ததும் எண்ண வேண்டும். அவளுக்கு ஐந்து கை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அடுத்து நீட்டிய கையில் சுவர்.

இரண்டு முனையிலும் இருந்த பழைய பிளாஸ்டிக் கொடிகள் நைந்து விழுந்தபோது, புதியது வரும் வரும் என்று மேலாளர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் காத்திருக்கவில்லை. வெட்டுத்துணிப் பெட்டியைத் திறந்தாள். கணவரின் பேருந்துச் சட்டையின் நீலம். மகளின் முதல் பள்ளிச் சீருடையின் பச்சை. மகள் ஒரு பிறந்தநாளுக்குப் போட்டுக்கொண்டு, கழற்றவே மாட்டேன் என்று அடம்பிடித்துத் தூங்கிப்போன மஞ்சள் கவுன். எல்லாவற்றையும் முக்கோணமாக வெட்டி, ஓரம் மடித்து, இரட்டைத் தையல் போட்டுக் கொண்டுபோய்க் கட்டினாள். எது எந்தத் துணி என்று யாரிடமும் சொல்லவில்லை. தினமும் அவற்றின் கீழே போய் வந்தாள். அவ்வளவுதான்.

இனி மகள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை வேலை. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பல்லைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் பதறாமல் உட்கார வைக்கிறவள். குளத்துக்குக் குழந்தைகளைக் கூட்டி வருகிற அம்மாக்கள் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தபோது, பேச்சு சாமர்த்தியத்தைப் பார்த்து அவளையே தலைவியாக்கிவிட்டார்கள். குழுவின் கோரிக்கை: விடுமுறை முடியும் வரை காலையில் குளம் முழுவதும் குழந்தைகளுக்கு. மிதக்கும் சறுக்கு மரம், காற்றடைத்த முதலை, எல்லாம் வரும். அதற்கு லேன் கயிறுகளை எடுத்தாக வேண்டும்.

ஒரு மாலை தையலறையில் இந்தப் பேச்சு வந்தது.

"அம்மா, நாலே நாலு பேரு நீந்துறதுக்காகப் பாதிக் குளத்தை அடைச்சு வெச்சிருக்காங்க. பசங்க மூலையில நின்னு நடுங்குதுங்க."

"விளையாடட்டும் கண்ணு. நான் வேண்டாம்னா சொன்னேன்? ஒரு ஓரமா எங்களுக்கு ஒரு கயிறு விட்டாப் போதும்."

"ஒரு கயிறு விட்டா சறுக்கு மரத்துக்கு இடம் பத்தாதும்மா. நீ சாயங்காலம் வாயேன்."

"சாயங்காலம் தைக்கலைன்னா காலையில துணி கேக்கிறவங்களுக்கு என்ன குடுப்பேன், உன் முதலையையா?"

மகள் சிரித்தாள். பிறகு, "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம். உன்னை ராணி மாதிரி வெச்சுக்க நானில்லையா" என்றாள்.

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். இந்தக் கை மரத்துப்போனால் நான் ராணி இல்லை கண்ணு, உன் வீட்டு மூலையில் வைத்த பொம்மை என்று சொல்லத் தோன்றியது. விரல் மரத்த கதையை மகளிடம் அவள் முழுதாகச் சொன்னதே இல்லை. மகள் கவலைப்படுவாள் என்று சொல்லவில்லை. சொல்லாததால் மகளுக்குத் தெரியவில்லை. குடும்பங்களில் பாதிக் காயம் இப்படி அன்பாகத்தான் உண்டாகிறது.

சனிக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு முடிவு சொல்வதாக மேலாளர் அறிவித்தார். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பேத்தியின் பிறந்தநாள். வேறு எங்கே, குளத்தில்தான். ஆழம் குறைந்த முனையில் பலூன்களும் கேக்கும் அமர்க்களப்பட்டன. ஆட்டம் முடிந்ததும் தூங்கி வழிந்த பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மல்லாக்கா முதலில் கிளம்பிவிட்டாள். சுத்தம் செய்துவிட்டு வருகிறேன் என்று மகள் நின்றுகொண்டாள்.

மறுநாள் காலை. உடை மாற்றும் அறை ஆழமான முனையில் இருப்பதால் அவள் எப்போதும் அங்கேதான் இறங்குவாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டால் மறுமுனை அவளுக்குப் புகை மூட்டம். மல்லாந்தாள். சுவரை உந்தினாள். மழைக்கறை போனது. கண் சிமிட்டும் விளக்கு போனது. உத்தரம் போனது. இனி மறுமுனைக் கொடி வரும். வரவில்லை. இன்று கொஞ்சம் மெதுவாக வருகிறோம் போல என்று நினைத்துக் கையை இன்னும் வேகமாக வீசினாள். மஞ்சள் துணி கண்ணுக்கு நேர் மேலே தெரிந்ததும், தலை சுவரில் மோதியதும் ஒரே கணம்.

கொடி சுவருக்கு மேலேயே கட்டியிருந்தது.

விசில் குதித்து வந்து அவளைக் கரையேற்றினார். நெற்றிக்கு மேலே வழிந்த ரத்தத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "கொடி எடம் மாறியிருக்கேக்கா. அந்தக் கம்பத்துலதானே இருக்கணும். எவன் இந்த வேலையைப் பாத்தது?"

மல்லாக்காவும் பார்த்தாள். சுவரோரத் தூணில் கயிறு பட்டாம்பூச்சி முடிச்சாக, இரண்டு காதும் சமமாக விரித்துக் கட்டியிருந்தது. பள்ளிக்கூடம் போகிற ஒரு சின்னப் பெண்ணின் பின்னலில் தினமும் காலையில் அவள் கட்டிவிட்ட ரிப்பன் முடிச்சு. அந்தப் பெண்ணைத் தவிர இந்த உலகத்தில் யாரும் கயிற்றை அப்படிக் கட்ட மாட்டார்கள். பலூன் கட்டுவதற்குக் கொடியை அவிழ்த்திருக்கிறாள். குழந்தைகளின் தலையில் இடிக்காமல், சுவரோரமாக, அழகாகத் திருப்பிக் கட்டியிருக்கிறாள். அலங்காரத் தோரணம் என்றே நினைத்திருக்கிறாள் பாவி மகள்.

அதற்குள் மேலாளர் வந்து நின்றார். "யாரு கட்டினது?"

ஒரு மூச்சு நேரம்தான் யோசித்தாள். அம்மாக்களுக்கு அதற்கு மேல் ஆகாது.

"நான்தாங்க. விசேஷம் முடிஞ்சு நான்தான் கட்டினேன். எந்த எடம்னு மறந்துபோச்சு."

விசில் கடித்துக்கொண்டிருந்த விசிலை வாயிலிருந்து எடுத்தார். அக்கா எதை மறந்தாலும் அந்தக் கம்பத்தை மறக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவள் பார்த்த பார்வையில் விசிலைத் திரும்ப வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

மேலாளர் கெட்டவர் இல்லை. பயந்தவர். "உங்க கையால கட்டினதே உங்களுக்கு மறக்குதும்மா. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா நான் யாருக்குப் பதில் சொல்றது? சனிக்கிழமை வரைக்கும் லேன் கிடையாது. அதுக்கப்புறமும் எனக்கு நம்பிக்கை இல்லை" என்றார்.

ஒரே ஒரு பொய். அது மகளைக் காப்பாற்றியது. அவளைக் கரையில் உட்கார வைத்தது.

அன்று மாலை கட்டுப் போட்ட தலையைப் பார்த்து மகள் அழுதாள். அழுது முடித்ததும் திட்டினாள். "இதுக்குத்தாம்மா தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். வயசான காலத்துல சுவரு எங்க இருக்குன்னு தெரியாம போய் முட்டிக்கிறே." அம்மா, "கால் வழுக்கிருச்சு" என்றாள். தண்ணீரில் எங்கே கால் வழுக்கும் என்று மகளுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்த வாரம் முழுவதும் அவள் நீந்தவில்லை. நீந்தியதில் தெளிந்திருந்த சுண்டுவிரல் திரும்பவும் மரத்துப் பொம்மை விரலானது. வெள்ளிக்கிழமை ஊசி மூன்று தடவை நழுவி விழுந்தது. நான்காவது தடவை எங்கே விழுந்தது என்று தேடவும் மனமில்லாமல் உட்கார்ந்துவிட்டாள். மகள் அடுப்படியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தபால்காரர் தன் கால்சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"இடுப்பைக் கொஞ்சம் பெருசாக்கணும் தங்கச்சி. நீ இல்லாம லேனும் போச்சு, ஒரே வாரத்துல ஊதிட்டேன்."

மல்லாக்கா குண்டூசிகளை உதட்டில் வரிசையாகக் கடித்துக்கொண்டு, அவரை நிற்க வைத்து இடுப்பைச் சுற்றித் துணியைப் பிடிக்க ஆரம்பித்தாள். வாய்க்கு வேலை இல்லாத தபால்காரர் பேச ஆரம்பித்தார்.

"ஆனாலும் என்னால நம்ப முடியல. கொடியைப் பாத்துத்தானே சுவரு வருதுன்னு உனக்குத் தெரியும். கொடி தாண்டினா அஞ்சு கைன்னு நீதானே எனக்கே சொன்னே. அதைக் கொண்டுபோய் சுவரு மேலயே கட்டுவியா நீ?"

மல்லாக்கா "ம்ம்" என்றாள். பேசாதீர்கள் என்று அர்த்தம். வாயில் ஊசி.

"நீயே கட்டிட்டு மறந்துட்டேன்னு சொன்னியாம். இனி உன்னைத் தண்ணியில விட முடியாதுன்னு மேலாளர் சொல்லிட்டுத் திரியறாரு. ஞாபகம் தப்பிப்போச்சாம் உனக்கு. எனக்குப் போன வருஷம் தெச்ச சட்டையோட காலர் அளவை நேத்து சொன்னவ நீ."

"ம்ம்ம்" என்று அவள் அவர் இடுப்பில் ஒரு ஊசியைக் கொஞ்சம் அழுத்தியே குத்தினாள். அவர் துள்ளினாரே தவிர நிறுத்தவில்லை.

"கையும் திரும்ப மரத்துப்போச்சாமே. விசில் சொல்லி அழறான். டாக்டர் சொல்லித்தானே நீ தண்ணிக்கே வந்தே."

வாசலில் தேநீர்த் தட்டோடு மகள் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் தேநீரைத் தபால்காரரிடம் நீட்டினாள். கீழே குனிந்து, மெஷின் காலுக்குப் பக்கத்தில் கிடந்த ஊசியை எடுத்தாள். நூலைக் கோத்தாள். அம்மாவின் மேஜையில் வைத்தாள். அம்மாவின் வலது கையைப் பிடித்து, சுண்டுவிரலை நகத்தால் அழுத்தினாள்.

"தெரியுதா?"

அம்மா உதட்டிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"தெரியலை இல்ல" என்றாள் மகள். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை, குளத்தைச் சுற்றிய படிக்கட்டுகளில் அம்மாக்கள் ஒரு பக்கம், நீந்துகிறவர்கள் சிலர் ஒரு பக்கம். மல்லாக்கா கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். லேன் வேண்டாம், குழந்தைகள் விளையாடட்டும் என்று எழுந்து சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். மேலாளர் தொண்டையைக் கனைத்து, "திங்கக்கிழமை நடந்த விபத்தை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க" என்று தொடங்கினார்.

"சார்" என்று மகள் எழுந்தாள். பல் மருத்துவமனைக் குரல் இல்லை. "கொடியை மாத்திக் கட்டினது நான். அது எதுக்குன்னு தெரியாது. அலங்காரம்னு நினைச்சேன். எங்கம்மா எதையும் மறக்கல. என்னைக் காட்டிக்குடுக்காம இருக்க, மறந்துட்டேன்னு சொல்லிட்டாங்க. ஞாபகம் தப்பினவங்கன்னு நீங்க சொன்னதையும் வாங்கிக்கிட்டாங்க."

குழுவில் ஒரு அம்மா மெல்ல, "சரிங்க, அதுக்காக நம்ம பசங்க விளையாட வேண்டாமா?" என்றாள். நியாயமான கேள்விதான்.

பதில் சொன்னவர் விசில். "விளையாடட்டும்மா. ஆனா கயிறு இல்லாத குளத்துல இந்த அக்கா மல்லாக்க வந்தா, குறுக்கே வர்ற பிள்ளை அவங்களுக்குத் தெரியாது. இவங்க கை வீசி வந்தா அடி யாருக்குப் படும்? கயிறு இவங்களுக்கு மட்டும் இல்ல. உங்க பிள்ளைக்கும் அதுதான் சுவரு."

அந்த அம்மா தன் பிள்ளையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கசமுசா நடந்தது. முன்பு இரண்டு லேன் இருந்தது, இனி ஒன்று. சுவரோரமாக, காலையில் மட்டும். சறுக்கு மரம் வரும், முதலை வராது. விடுமுறை முடிந்ததும் மறுபடி பேசலாம் என்றார் மேலாளர். "லேன்ல யார் வேணாலும் நீந்தலாமா?" என்று தபால்காரர் குத்தலாகக் கேட்டார். மேலாளர் மல்லாக்காவின் பக்கம் திரும்பி, "வாங்கம்மா. வார்த்தை கொஞ்சம் அதிகமாப் போச்சு" என்றார். பயந்த மனிதருக்கு அது பெரிய காரியம்.

கூட்டம் கலைந்தது. மகள் ஏணியைக் கொண்டுவந்து போட்டாள். சுவருக்கு மேலிருந்த முடிச்சை அவிழ்த்து, கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏணியைக் கம்பத்தில் சாய்த்து ஏறினாள். "இங்கயாம்மா?"

"இன்னும் கொஞ்சம் மேல. அங்கதான். ரிப்பன் முடிச்சு வேண்டாம், இறுக்கிக் கட்டு."

கட்டிக்கொண்டே வந்த மகளின் கை ஒரு முக்கோணத்தில் நின்றது. மஞ்சள் துணி. விளிம்பில் மங்கிப்போன சின்ன வெள்ளைப் பூ. அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த நீலத்தைத் தொட்டாள். அப்பாவை அவளுக்குப் புகைப்படத்தில்தான் தெரியும். அந்தப் படத்தில் அவர் போட்டிருந்த சட்டையின் நிறம் அது. ஏணியின் மேல் நின்றபடியே அவள் குலுங்கினாள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த விசில், ஏதோ குருவியைப் பார்ப்பதுபோலக் கூரையைப் பார்த்துக்கொண்டார்.

மல்லாக்கா உடை மாற்றிக்கொண்டு வந்து ஆழமான முனையில் இறங்கினாள். காயத்தின் தையல் பிரித்த நெற்றி இன்னும் சுருக்கென்றது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயமாக இருந்தது. ஒருமுறை சுவரில் மோதிய தலைக்குப் பயம் சுலபத்தில் போகாது. விடுங்கக்கா, கழுத்தை விடுங்க என்று என்றோ கேட்ட குரலை நினைத்துக்கொண்டாள். விட்டாள்.

மழைக்கறை. கண் சிமிட்டும் விளக்கு. உத்தரம். கை தயங்கியது. வருமா? வந்தது. நீலம், பச்சை, மஞ்சள், தலைக்கு மேலே வரிசையாகக் கடந்தன.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். சுவர் கையில் படவில்லை. பட்டது மெத்தென்று, சூடாக, ஈரமில்லாமல் இருந்தது. விரல்களால் தடவிப் பார்த்தாள். சுண்டுவிரலுக்கு எதுவும் தெரியவில்லை, மற்ற விரல்களுக்குத் தெரிந்தது.

கரையில் குப்புறப் படுத்து, சுவரின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மறைத்தபடி, மகள் காத்துக்கொண்டிருந்தாள்.